டயரில் பெயர் பெற்ற கடனாளி: சார்லஸ் குட்இயர்



நாளைக் காலை நடைப்பயிற்சி முடிந்து திரும்பும்போது, நம் கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் டயர்களைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டே வாருங்கள். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், மிஷ்லின், குட்இயர் என்று ஏழெட்டுப் பெயர்கள் கண்ணில் படும். இவற்றில் குட்இயர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆனால் அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரு கார் டயரைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரும் அவர் இல்லை. அதில் அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ ஒரு பங்குகூட இருந்ததில்லை.

இதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன முறை என் காருக்கு டயர் மாற்றியபோது பெயரை மட்டும் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் நல்ல தள்ளுபடி கொடுத்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த மருமகன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு, இது தயாராகி நாலு வருஷம் ஆகிறது என்றார். புது டயர்தான், ஆனால் நாலு வருஷம் எங்கோ கோடவுனில் கிடந்த புது டயர். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் காசோலையின் தேதியைப் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதவன், டயரின் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டேன். அந்த வெட்கத்தில் டயரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் சார்லஸ் குட்இயரிடம் வந்து நின்றேன். கடன் லெட்ஜரோடு வாழ்ந்த எனக்கு அவர் கதை தூக்கத்தைக் கெடுத்தது. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

பொத்தான் செய்தவரின் மகன்

சார்லஸ் குட்இயர் 1800 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அமாசா குட்இயர் பொத்தான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். பையனைப் பதினேழு வயதில் பிலடெல்பியாவுக்கு அனுப்பி இரும்புச் சாமான் வியாபாரம் கற்றுக்கொள்ளச் செய்தார். திரும்பி வந்து அப்பாவோடு கூட்டு சேர்ந்த சார்லஸ், 1824இல் கிளாரிசா பீச்சர் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு வருஷம் கழித்து பிலடெல்பியாவில் சொந்தமாக ஹார்டுவேர் கடை திறந்தார்.

கடை முதலில் நன்றாகவே ஓடியது. நம் ஊர் அண்ணாச்சிக் கடைகளுக்குத் தெரிந்த ஒரு பாடம் அவருக்குத் தெரியவில்லை: தாராளமாகக் கடன் கொடுத்துவிட்டார். கடன் வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை, அவர் வாங்கிய கடனையும் அவரால் கட்ட முடியவில்லை. 1830 வாக்கில் தொழில் விழுந்தது. அந்தக் காலச் சட்டப்படி கடன் கட்டாதவரைச் சிறையில் தள்ளலாம். குட்இயரும் சிறைக்குப் போனார். திவால் என்று அறிவித்துவிட்டுக் கைகழுவ வழி இருந்தும், கடனை எல்லாம் ஒருநாள் அடைத்துவிடுவேன் என்று அவர் அதை மறுத்தார். அந்த முடிவுதான் வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்தியது.

வெயிலில் உருகும் ரப்பர்

1834இல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடையில் ஓர் உயிர்காப்பு மிதவையைப் பார்த்தார். அதில் காற்றடைக்கும் வால்வு சரியில்லை என்று தோன்றியது. இன்னும் நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். கடை மேலாளர் பாராட்டினார், ஆனால் வாங்கவில்லை. வால்வு இல்லை பிரச்சினை, ரப்பரேதான் பிரச்சினை என்று விளக்கினார்.

விஷயம் இதுதான். அப்போது அமெரிக்காவில் ரப்பர் மோகம் தலைக்கேறியிருந்தது. ஷூ, கோட், தொப்பி, மூட்டை எல்லாம் ரப்பரில் வந்தன. குளிர்காலத்தில் அவை கல்லாக இறுகி வெடித்தன. கோடையில் உருகிப் பிசுபிசுத்து நாறின. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். ரப்பரில் முதல் போட்டவர்கள் வரிசையாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான், எல்லோரும் ஓடி வெளியே வரும் வீட்டுக்குள் குட்இயர் நுழைந்தார். அவருக்கு வேதியியல் தெரியாது. கையில் பணமும் கிடையாது.

பிலடெல்பியா திரும்பியதும் பழைய கடனுக்காக மறுபடி கைது. சிறைக்குள் மனைவியிடம் சொல்லி ரப்பரும் ஓர் உருளையும் வரவழைத்தார். நம் வீட்டுச் சப்பாத்திக் கட்டை போன்றதுதான். அங்கேயே ரப்பரைப் பிசைந்து, உருட்டி, எதைக் கலந்தால் பிசுபிசுப்புப் போகும் என்று பார்க்கத் தொடங்கினார்.

முதலில் மெக்னீசியாவைக் கலந்தார். நன்றாக வந்தது போலிருந்தது. வீட்டுச் சமையலறையில் மனைவியும் அவருமாக நூற்றுக்கணக்கில் ஷூக்கள் செய்தார்கள். கோடை வந்தது, எல்லாம் கூழாகின. பிறகு சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்தார். 1835இல் நியூயார்க்கில் அதற்குப் பதக்கமே கிடைத்தது. ஆனால் கொஞ்சம் புளிப்புச் சாறு பட்டாலே அந்த ரப்பர் பழையபடி பிசுபிசுத்தது. அடுத்து நைட்ரிக் அமிலம். ஒரு துண்டின் மேல் பூசியிருந்த வண்ணத்தை அழிக்க அமிலத்தைத் தடவினார், துண்டு கறுத்துப்போனதால் தூக்கி எறிந்தார். பிறகு ஏதோ தோன்றி அதைத் தேடி எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் வழவழவென்று காய்ந்திருந்தது. 1837இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பங்குதாரரும் கிடைத்தார். அதே வருஷம் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. பங்குதாரர் நொடித்துப் போனார். குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் ஒரு கைவிடப்பட்ட ரப்பர் தொழிற்சாலையில் தங்கி, அவர் பிடித்து வந்த மீனைச் சாப்பிட்டுப் பிழைத்தது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. தலை முதல் கால் வரை ரப்பரையே உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பார், அதுவே அவருக்கு விளம்பரம். ரப்பர் கோட்டு, ரப்பர் தொப்பி, காசில்லாத ரப்பர் பர்ஸ், இவை எல்லாம் உள்ள ஆளைப் பார்த்தால் அவர்தான் குட்இயர் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள்.

அடுப்பில் பட்ட துண்டு

மாசசூசெட்ஸில் உள்ள வோபர்ன் என்ற ஊரில் நதானியேல் ஹேவர்டு என்பவரைச் சந்தித்தார். அவர் ரப்பரில் கந்தகத்தைத் தூவி வெயிலில் காயவைத்தால் பிசுபிசுப்புக் குறைவதைக் கண்டிருந்தார். குட்இயர் அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். அந்த முறையை நம்பி அமெரிக்கத் தபால் துறைக்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்பந்தமும் பெற்றார். பைகளைச் செய்து சூடான அறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், எல்லாம் அவற்றின் கனத்தாலேயே இளகி வழிந்து கிடந்தன. மேல்பக்கம்தான் மாறியிருந்தது, உள்ளே பழைய ரப்பர்தான்.

1839இல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. எப்படிப் பட்டது என்பதைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பட்ட பிறகு நடந்ததுதான் முக்கியம். ரப்பர் உருகி வழிந்திருக்க வேண்டும், ஆனால் உருகவில்லை. ஓரத்தில் தோல் போலக் கருகியது, கருகிய இடத்துக்குப் பக்கத்தில் பிசுபிசுப்பே இல்லாமல் வளைந்து நீண்டது. இரவு முழுக்க வெளியே பனியில் ஆணியடித்து மாட்டிவைத்தார். காலையில் எடுத்தால் அது இறுகவில்லை, முதல் நாள் போலவே வளைந்தது. உருகாத, உறையாத ரப்பர் கிடைத்துவிட்டது.

பி.காம். படித்தவன் நான், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கச்சா ரப்பர் என்பது இடியாப்பம் போல நீள நீளமான இழைகளின் குவியல். சூடு பட்டால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், அதுதான் பிசுபிசுப்பு. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், கந்தகம் ஓர் இழையையும் அடுத்த இழையையும் ஆங்காங்கே தைத்துவிடுகிறது. தைத்த பிறகு இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும், வழுக்கிக்கொண்டு போகாது. இன்று உங்கள் காரில் உள்ள டயரும் கடைசியில் இப்படித்தான் பிறக்கிறது. கந்தகம் கலந்த ரப்பரை அச்சுக்குள் வைத்து, அழுத்தமும் வெப்பமும் கொடுத்துப் பதப்படுத்துகிறார்கள்.

குடும்பம் கொடுத்த விலை

கண்டுபிடித்தாயிற்று, இனி சுகம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு கந்தகம், எத்தனை நேரம், எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ள இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று. அந்த ஐந்து வருஷம்தான் கொடுமை. மனைவி ரொட்டி சுட்டு முடித்ததும் அந்த அடுப்பில் ரப்பரைச் சுடுவார். பக்கத்துப் பட்டறைகளில் ஒரு மணி நேரம் கொதிகலனைக் கடன் கேட்பார். வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். ஒரு குழந்தை இறந்தபோது அடக்கச் செலவுக்குக் கையில் காசில்லை. அவருக்குப் பிறந்த பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். இடையில் பாஸ்டனில் மறுபடியும் கடனுக்காகச் சிறை. கடைசியில் மைத்துனர் வில்லியம் டி ஃபாரஸ்ட் என்ற கம்பளித் தொழிலதிபர்தான் கை கொடுத்தார். அவர் கொடுத்த தொகை மொத்தம் 46,000 டாலர் வரை ஆனது என்பார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் கிளையில் நோட்டீஸ் அனுப்பும் வேலையும் என்னிடம் இருந்தது. நோட்டீஸ் வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு வருபவர் எல்லோரும் அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சொல்வார்கள். உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். பின்னால் சில சமயம் மனைவி பேசாமல் நிற்பார். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும், தாலிச் செயின் ஏற்கெனவே எங்கள் லாக்கரில் நகைக்கடனாக இருக்கும். கிளாரிசாவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

காப்புரிமையும் வழக்கும்

1844 ஜூன் 15 அன்று குட்இயருக்கு 3633ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் இங்கிலாந்தில் கோட்டைவிட்டார். முதலீடு தேடி அங்கே அனுப்பிய மாதிரித் துண்டுகள் தாமஸ் ஹான்காக் என்ற ரப்பர் தொழிலதிபரின் கைக்குப் போயின. அவற்றின் மேல் கந்தகம் இருப்பதைக் கண்டு அவரும் சோதனை செய்து, 1843 நவம்பரில் விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் சில வாரங்கள் பிந்திவிட்டார். வல்கனைசேஷன் என்று நாம் சொல்லும் பெயரும் ஹான்காக்கின் நண்பர் ஒருவர் வைத்ததுதான். வல்கன் ரோமானியர்களின் அக்கினி தேவன்.

நம் பஞ்சர் கடைப் பலகைகளில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வார்த்தையின் பூர்வீகம் இதுதான்.

அமெரிக்காவில் அவருடைய முறையைத் திருடியவர்கள் ஏராளம். 1852இல் நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் ஹோரஸ் டே என்பவருக்கு எதிராகப் பெரிய வழக்கு நடந்தது. குட்இயர் தரப்பில் வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர், அப்போது அமெரிக்க அரசின் வெளியுறவுச் செயலராகவே இருந்தவர். அவருக்குக் கொடுத்த கட்டணம் 15,000 டாலர் என்பது அந்நாளில் பெரிய பேச்சு. குட்இயர் ஜெயித்தார். ஆனால் தொழில் உரிமைகளை மிகக் குறைந்த விலைக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அவரிடம் உரிமம் வாங்கியவர்கள்தான் லட்சாதிபதிகளானார்கள்.

வந்த பணத்தையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் சுவர், மேஜை, நாற்காலி எல்லாமே ரப்பரால் ஆன ஓர் அரங்கை 30,000 டாலர் செலவில் அமைத்தார். 1853இல் கிளாரிசா லண்டனிலேயே காலமானார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதைவிடப் பெரிய செலவு. அந்த நேரம் பார்த்து பிரெஞ்சுக் காப்புரிமை சட்டச் சிக்கலில் செல்லாமல் போனது. கடன்காரர்கள் பாரிஸின் கிளிஷி கடனாளிச் சிறையில் அவரை அடைத்தார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்த லீஜியன் ஆஃப் ஹானர் விருதை, அவர் மகன் அந்தச் சிறைக்குள் கொண்டுபோய்த்தான் அப்பாவிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

1860இல் நியூ ஹேவனில் மகள் ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்று கேட்டுப் புறப்பட்டார். நியூயார்க்கை அடைந்தபோது மகள் இறந்துவிட்ட செய்தி வந்தது. அங்கேயே விழுந்தார். ஜூலை 1 அன்று ஒரு ஓட்டல் அறையில் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற கடன் சுமார் 2,00,000 டாலர்.

பெயர் மட்டும் வந்த கம்பெனி

காற்றடைத்த டயரை ஜான் பாய்டு டன்லப் பெல்ஃபாஸ்டில் 1888இல் செய்தபோது குட்இயர் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது. 1898இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் ஒரு பழைய அட்டைத் தொழிற்சாலையை வாங்கி சைக்கிள் டயரும் வண்டி டயரும் செய்யத் தொடங்கினார். முன்பணம் 3,500 டாலரை அவரும் மைத்துனரிடம்தான் கடன் வாங்கினார். ரப்பருக்கு உயிர் கொடுத்தவருக்கு மரியாதையாக அந்தக் கம்பெனிக்குக் குட்இயர் என்று பெயர் வைத்தார். சைபர்லிங்கும் 1921இல் கடன் சுமையால் கம்பெனியை விட்டு வெளியேற நேர்ந்தது என்பது இன்னொரு கதை.

ஆகவே டயரில் உள்ள பெயர் வேறு, டயரைச் செய்பவர் வேறு. இது குட்இயருக்கு மட்டும் பொருந்துவதில்லை. ஃபயர்ஸ்டோன் என்ற அமெரிக்கப் பெயர் 1988 முதல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம். பி.எஃப். குட்ரிச் என்று போட்டிருந்தால் செய்வது பிரான்ஸின் மிஷ்லின். கூப்பர் இப்போது குட்இயரின் கையில். வ்ரெடெஸ்டைன் என்ற டச்சுப் பெயருக்கு உரிமையாளர் நம் அப்பல்லோ. சியட் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்த பெயர், இன்று முழுக்க இந்தியக் கம்பெனி. எம்.ஆர்.எஃப். 1946இல் நம் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்தது. அப்பல்லோவுக்கு ஒரகடத்திலும், ஜே.கே.வுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும், மிஷ்லினுக்குத் தேர்வாய்கண்டிகையிலும் ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பெயர் என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். நான் கற்றுக்கொண்டவை இவை:

1. தேதி: நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். பில் போடும் முன் நான்கு டயருக்கும் பாருங்கள்.

2. அளவு: 185/65 R15 88H என்பதில் 185 அகலம் மில்லிமீட்டரில், 65 என்பது அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது, R ரேடியல், 15 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. காரில் எழுதியிருக்கும் எண்ணைவிடக் குறைந்த சுமை எண் உள்ள டயரை வாங்க வேண்டாம்.

3. ஐ.எஸ்.ஐ. முத்திரை: இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு இது கட்டாயம்.

4. தேய்மானம்: பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் பள்ளம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது, மாற்றியாக வேண்டும்.

5. வயது: காரை அதிகம் எடுக்காத நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஏமாறும் இடம் இது. தேயாததால் டயர் நன்றாக இருப்பதாக நினைக்கிறோம். வெயிலும் காற்றும் ரப்பரை உள்ளிருந்து இறுக வைக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் மைல் கணக்குப் பார்க்காதீர்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் நல்ல கடையில் காட்டுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

6. இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்பக்கம் போகட்டும். ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் காரைச் சமாளிப்பது கடினம்.

7. காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. டயர் சூடாகும் முன் அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. சார்லஸ் குட்இயர் எங்கள் கிளைக்குக் கடன் மனுவோடு வந்திருந்தால், ஈடு இல்லை, பழைய பாக்கி இருக்கிறது, தொழில் நிரூபிக்கப்படவில்லை என்று மூன்று வரி எழுதி மேனேஜர் மேஜைக்கு அனுப்பியிருப்பேன். பல நாள் யோசித்துவிட்டேன், இன்றும் அப்படித்தான் எழுதுவேன். பிள்ளைகளின் புத்தகத்தை விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் மழையில் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, சாலைக்கும் அவளுக்கும் நடுவே இருப்பது அந்தக் கடனாளி கண்டுபிடித்த பொருள்தான் என்பதையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி நேர் செய்ய எனக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை டார்ச் லைட்டோடு பார்க்கிங்கில் இருப்பேன். உங்கள் டயரின் தேதியைப் படிக்கக் கண்ணாடி போதவில்லை என்றால் கூப்பிடுங்கள், சேர்ந்து படிப்போம்.